ஏழு மீனுக்கு ஒரு கடல்

"மீனுக்குத் தனிய இருக்க ஆசை வந்தா, அது எங்க போகும் அப்பப்பா?"

கனடாவிலிருந்து தொலைபேசித் திரைக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டு பேத்தி நிருஷா ஒருநாள் கேட்டாள். நாகேந்திரம் சிரிக்கவில்லை. டோர்ச்சை எடுத்துக்கொண்டு போய், வரவேற்பறைச் சுவர் நீளத்துக்கு நின்ற, கடல்தண்ணீர் நிரப்பிய கண்ணாடித் தொட்டியின் முன் குந்தினார். உள்ளே அடுக்கியிருந்த கடற்பாறைகளின் பொந்துகளை ஒவ்வொன்றாக வெளிச்சம் அடித்துப் பார்த்தார். கடைசியில், "ஏழு பேருக்குத்தான் இடமிருக்கு," என்றார்.

அந்த ஏழினால்தான் அன்னபாக்கியம் கணவரோடு கதைப்பதை நிறுத்தினாள். கதையாமல் இருந்த நாட்களிலேயே, ஒரு விடியலில், நித்திரையில் அவர் போய்விட்டார்.

இப்போது அவரைக் கிடத்தியிருந்த இடத்தில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மகன் ஜனா கொள்ளி வைக்கக் கனத்தை மயானத்துக்குப் போய்விட்டான். ஆண்கள் எல்லோரும் அவனோடு போயிருந்தார்கள். நாகேந்திரத்தின் தமக்கை, பெரிய மச்சாள், சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டைக் கழுவித் தள்ளினார். குடத்துத் தண்ணீர், வாளித் தண்ணீர், சமையலறைப் போத்தல்களில் இருந்தது எல்லாம் வாசலில் கொட்டியாகிவிட்டது. மிஞ்சியது தொட்டி.

"அன்னம், உதையும் இறக்க வேணும். ரியூப் ஏதும் கிடக்கோ?"

"அதை விடுங்கோ மச்சாள்."

"என்னத்தை விடுறது? செத்த வீட்டுத் தண்ணி நிக்கக்கூடாது, துடக்கு. உள்ளுக்கு மீனும் இல்லை, ஒண்டுமில்லை. நாகேந்திரம் வெறுந்தண்ணி வளர்க்கிறான் எண்டு லேன் முழுக்கச் சிரிச்சது."

அதில் பொய் இல்லை. வந்தவர்கள் எல்லாம் மீன் எங்கே என்று கேட்டார்கள். "தண்ணி பழகட்டும்," என்று அவரும் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னார். கல்லும் மணலும் பழகிய பிறகுதான் உயிரை விடலாம் என்பார். அவள் பொறுத்துப் பார்த்தாள். பழகி முடிந்த கையோடு ஏழு என்றபோது அவளுக்குப் பொறுக்கவில்லை. "இவ்வளவு பெரிய தொட்டிக்கு ஏழோ? பிள்ளையள் போன பிறகு இந்த வீடே வெறிச்சுப்போய்க் கிடக்கு. உதுக்குள்ளயாவது சனம் இருக்கட்டன்!" என்றாள். அவர் அசையவில்லை. அடுத்த நாள் அவர் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, மீன் கொண்டுவரும் பேர்னாட்டுக்கு அவள் களவாகப் போன் எடுத்தாள். "ஏழில்லை, பதினைஞ்சு கொண்டு வாரும். ஐயாவுக்குச் சொல்ல வேண்டாம்."

மச்சாள் வாளியோடு கிட்ட வந்தபோது அன்னபாக்கியம் எழுந்து தொட்டிக்குக் குறுக்கே நின்றாள். நின்றவள், ஏனோ திரும்பி உள்ளே பார்த்தாள்.

இத்தனை நாளும் அவள் அதைப் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. வெறுந்தண்ணீர் என்று நினைத்திருந்ததற்குள் பாறையிலிருந்து மயிரிழை போன்ற விரல்கள் நீண்டு எதையோ பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டன. அரிசிக் குருணையிலும் சிறிய, கண்ணாடி போன்ற உயிர்கள் மணலில் ஓடித் திரிந்தன. ஒரு நத்தை தன் வீட்டோடு சுவர் ஏறிக்கொண்டிருந்தது. செத்தவீட்டுச் சத்தம் எதுவும் அங்கே போய்ச் சேரவில்லை. அவளுக்கு மெய்சிலிர்த்தது. படைத்தவன் இந்தக் குருணைகளையும் ஒவ்வொன்றாக நினைத்துத்தான் படைத்திருப்பானோ என்று கைகள் தாமாகவே கூடின.

"மச்சாள், இவரின்ர சாம்பலை நாளைக்கு எங்க கரைப்பினம்?"

"எங்க? கடலிலதான்."

"இதுவும் கடல்தான். கடலுக்கு ஏது துடக்கு?"

மச்சாள் வாளியைக் கீழே வைத்துவிட்டு, மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். "என்ர தம்பிக்கு ஏத்த பெண்சாதிதான் நீ," என்றார்.

அப்போதுதான் வெளிக்கதவில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பின்னால் கட்டிய வெள்ளை ரெஜிபோம் நுரைப் பெட்டியோடு பேர்னாட் இறங்கினான். வாசலில் கட்டியிருந்த செத்தவீட்டு வெள்ளைக் கொடிகளைப் பார்த்ததும் தலைக்கவசத்தைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டான்.

"ஐயோ அம்மா. ஐயா போன் எடுக்கல்ல. அதான் நேரே வந்தன்." சிலுவை போட்டுக்கொண்டான். "இதுங்க பையில கனநேரம் தாங்காது. என்ன செய்றது?"

"உள்ள கொண்டு வாரும்."

மச்சாள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். எண்ணினார். "டேய், என்ர தம்பி ஏழு எண்டெல்லோ ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிஞ்சவன்! இது ரெண்டு மடங்கு! செத்த வீட்டிலயும் யாவாரமோ? ஆர் உனக்கு இவ்வளவு சொன்னது?"

கணவரின் சொல்லை மீறியதும், முகங்கொடுத்துக் கதையாமல் அவரைப் போகவிட்டதும் இந்த ஒரு கேள்வியில் வெளியே வந்துவிடும். பேர்னாட் ஒருமுறை அவள் முகத்தைப் பார்த்தான்.

"என்ட பிழைதான் அம்மா. எண்ணிக்கையைக் குழப்பிட்டன். மிச்சத்தைக் கொண்டு போறன்."

"மீன்காரனுக்கு எண்ணத் தெரியாதாம்!" என்று திட்டிக்கொண்டே மச்சாள் பின்பக்கம் கழுவப் போனார். அவன் தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான்.

பிறகு பைகளை எல்லாம் திறந்து மீன்களைப் பெட்டிக்குள் விட்டான். ஒரு மெல்லிய குழாயால் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அதற்குள் இறக்கினான். இரண்டு தண்ணீரும் ஒன்றோடொன்று பழகும்வரை இருவரும் ஈரத் தரையில் குந்தியிருந்தார்கள். மேல்மாடியில் குடியிருக்கும் ஷபீகா அனுப்பிய பிளேன்ரீ கோப்பையிலேயே ஆறிப்போனது.

முதலாவது மீன் மஞ்சள். தொட்டியின் நடுவில் திகைத்து நின்றது. பிறகு, யாரோ கைகாட்டியதுபோல, ஒரு பொந்துக்குள் நேரே போய் முகத்தை மட்டும் வெளியே வைத்துக்கொண்டது. அடுத்தது, செம்மஞ்சளில் வெள்ளைப் பட்டை போட்டது, வேறொரு பொந்துக்குப் போனது. நீலம் ஒன்று ஏற்கெனவே ஆள் இருந்த வாசலில் எட்டிப் பார்த்துவிட்டு மரியாதையாக விலகி, கீழே தனக்கொன்று கண்டுபிடித்தது. ஏழாவது, மிகச் சிறியது, நெடுநேரம் அலைந்தது. அன்னபாக்கியம் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். கடைசியில் அதுவும் ஒரு மூலையில் மறைந்தது.

பேர்னாட் குரலைத் தாழ்த்தினான். "மிச்சத்தையும் போடவா அம்மா? அந்த அம்மா பின்னால நிக்கிறாங்க. யாருக்கும் தெரியாது."

தடுக்க ஆள் இல்லை. ஆசைப்பட்ட சனம் பெட்டிக்குள் துள்ளிக்கொண்டிருந்தது. அவள் பாறையைப் பார்த்தாள். ஒவ்வொரு வாசலிலும் இரண்டு கண்கள் இருந்தன. வெறும் வாசல் ஒன்றுகூட இல்லை.

"காணும் பேர்னாட், ஏழே போதும்," என்றாள்.

அவன் தலையாட்டினான். பெட்டிக்குள் பார்த்தான். பைகளை வெட்டியாகிவிட்டது. திரும்பக் காற்றடைத்துக் கட்ட வழியில்லை. "கொட்டாஞ்சேனை போய்ச் சேருமட்டும் தாங்கணும். ரோட்டும் புளொக்கா இருக்கும். பார்ப்பம், மாதா கைவிடமாட்டா." சொல்லிவிட்டுக் கை கழுவ வெளிக் குழாயடிக்குப் போனான்.

கரண்ட் போகும் நேரங்களுக்கென்று நாகேந்திரம் வாங்கி வைத்த பற்றரிக் காற்றுப் பம்ப் ஒன்று தொட்டியின் கீழ்த் தட்டில் கிடந்தது. வீட்டில் இருந்தது அந்த ஒன்றுதான். அவள் அதை எடுத்தாள். அவர் செய்வதுபோலப் பொத்தானை அழுத்தினாள். குழாயைத் தண்ணீருக்குள் விட்டு, பம்பைப் பெட்டியின் ஓரத்தில் செருகினாள். உள்ளே குமிழிகள் எழுந்ததும் மூடியை மூடினாள்.

செத்த வீட்டில் போயிட்டு வாறன் என்று சொல்லக்கூடாது என்பது பேர்னாட்டுக்கும் தெரிந்திருந்தது. பேசாமல் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேசாமலே போனான். அவள் யன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். அவன் பெட்டியைப் பின்சீற்றில் வைத்துக் கயிற்றை இழுத்தான். பிறகு அதை விட்டுவிட்டு மூடியில் உள்ளங்கையை வைத்தான். உள்ளே பம்ப் அதிர்வதைக் கேட்பவன்போல அப்படியே கொஞ்சநேரம் நின்றான். திரும்பிப் பார்க்காமல் கயிற்றைக் கட்டி முடித்தான்.

"அன்னம், ஆரடி உங்க நிக்கிறது?" என்று பின்பக்கத்திலிருந்து மச்சாள் கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை மச்சாள்," என்றாள். விரல்களில் உப்பு வெள்ளையாகக் காயத் தொடங்கியிருந்தது.