பித்தளை மூடிக்கு வெள்ளிக் கவசம்

ஸ்ரீவைகுண்டம் ஆவுடைநாயகம் பிள்ளையின் மோட்டார் காருக்கு ஒரு குணம் இருந்தது. டிரைவர் தானியேல் தனியாக எடுத்துப் போனால் ஓடும். பிள்ளை ஏறி உட்கார்ந்தால் நிற்கும். ஊர் முழுக்க இதை அறியும். பிள்ளையிடம் சொல்லத்தான் ஆள் இல்லை.

கார் புதியதல்ல. மேற்கு மலையில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை ஐந்து வருஷம் அதை ஓட்டி, சீமையில் சண்டை தொடங்கியதும் கப்பலேறுகிற அவசரத்தில் விற்றுவிட்டுப் போனார். "தன் ஞாபகமா வச்சுக்கிடச் சொல்லிக் குடுத்தாரு" என்று பிள்ளை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். துரையை அவர் கண்ணால் கண்டதே கிடையாது.

கார் வந்ததும் மூன்று பசுக்கள் தொழுவத்தைக் காலி செய்ய நேர்ந்தது. தொழுவத்துக்கு 'மோட்டார் மண்டபம்' என்று பெயர் வைத்தார் பிள்ளை. பசுக்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. மேய்ந்துவிட்டு வந்தால் நேராக அங்கேதான் போய் நின்றன.

வெள்ளிக்கிழமைதோறும் காருக்குப் பொட்டு வைப்பதென்று முடிவானபோது, காருக்கு நெற்றி எது என்ற கேள்வி எழுந்தது. மூன்று நாள் ஆலோசனை நடந்தது. ஓட்டுகிறவனுக்கு எதிரே, கண்ணாடிக்கு முன்னால், பெட்ரோல் தொட்டி இருந்தது. அதன் உச்சியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பித்தளை மூடி பளபளத்தது. அதுவே நெற்றி என்று பிள்ளை தீர்ப்புச் சொன்னார். அன்று முதல் வாராவாரம் குளித்து, திருநீறு பூசி, அந்த மூடியில் தம் கையாலேயே சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். பிள்ளை எதையும் மெல்லிசாகச் செய்கிறவரல்ல. சந்தனம் விரல் கனத்துக்கு இருந்தது.

முதல் வாரம் கற்பூரமும் காட்டப் போனார். தானியேல் குறுக்கே விழுந்து தடுத்தான்.

"எசமான், உள்ள பெட்ரோல் கெடக்கு. தீயக் காட்டினா காரும் இருக்காது, நாமளும் இருக்க மாட்டோம்!"

பிள்ளை கற்பூரத் தட்டோடு நாலு முழம் பின்வாங்கினார். உயிர் தப்பியதை அன்றே மறந்தார். கிறிஸ்தவ வேதக்காரன் ஒருவன் தம் ஆராதனையை நிறுத்திவிட்டான் என்பது மட்டும் நினைவில் தங்கிவிட்டது.

பொட்டு வைத்தபின் கார் புறப்படும். ரப்பர்ப் பந்தை அமுக்கி ஊதுகுழலை அலற விட்டுக்கொண்டு கடைத்தெருவைக் கடக்கும். ஆற்றின் அணைக்கட்டைத் தாண்டும். தெற்குக் கரையில் புதுக்குடிக்குப் போனதும் இரண்டு முறை இருமும், ஒரு முறை குலுங்கும், நின்றுவிடும். நிற்கிற இடம் பிள்ளையின் தாயாதித் தம்பி தளவாய்ப் பிள்ளையின் வீட்டு வாசல். முதல் தடவை தானியேல் எதையெதையோ திறந்து பார்த்து, கைப்பிடியைச் சுற்றிக் கிளப்பினான். இன்னும் ஒன்றரை மைல் ஓடி, கருங்குளம் கடைத்தெரு நடுவில் மறுபடி நின்றது. ஒரே நாளில் இரண்டு ஊருக்குக் காட்சி கொடுக்க வேண்டாமென்று, அதற்கப்புறம் முதலில் நிற்கிற இடத்திலேயே பயணத்தை முடித்துக்கொண்டார் பிள்ளை.

தளவாய்க்கு இது வாராந்தரத் திருவிழா ஆயிற்று. காரின் இருமல் கேட்டவுடன் தம் ஜோடி மாடுகளைக் கயிற்றோடு பிடித்துக்கொண்டு வெளியே வருவார்.

"அண்ணாச்சி, வாங்க வாங்க. மாடு காலையிலேருந்து உங்களைத்தான் தேடுது."

"கேலியா வே?"

"நான் எங்க கேலி பண்ணுதேன்? எத்தனை குதிரைச் சக்தின்னு சொன்னிய, இருவதா? குதிரைக்கெல்லாம் என்ன சீக்கோ. பைய ஓரமா நிக்கட்டும். நம்ம ரெண்டு மாடு போதும்."

நாலாவது வாரம் இப்படி இழுபட்டு வீடு வந்ததும் பிள்ளை இறங்கி, சால்வையைச் சரி செய்துகொண்டு தானியேலைப் பார்த்தார்.

"ஏலே, நீ தனியாப் போனா ஓடுது. நான் ஏறினா நிக்குது. நான் ஒண்ணும் புரியாதவன் இல்ல. நீ ஏதோ பண்ணுதே."

"அய்யோ, ஆண்டவர் அறிய ஒண்ணும் பண்ணல எசமான்."

"உன் ஆண்டவரை இதுல இழுக்காத. வார வெள்ளிக்கிழமை திருநெல்வேலிக்கு, சம்பந்தி கைலாசம் பிள்ளை புது வீட்டுப் பால்காய்ப்புக்குப் போவணும். கார் எங்க நிக்குதோ அங்கனயே நீ இறங்கிப் போயிக்கிட்டே இரு. பாளையங்கோட்டையில வேற ஆள் சொல்லி வச்சாச்சு."

தானியேல் பத்து வருஷம் தூத்துக்குடியில் ஒரு பஞ்சாலை பாய்லருக்குக் கரி அள்ளிப் போட்டவன். அந்தக் கரி அவன் நெஞ்சில் பாதியைத் தின்றுவிட்டது. நாசரேத்தில் மனைவியும் மூன்று பெண்களும் இருந்தார்கள். இந்த வேலை போனால் மறுபடி பாய்லர்தான். அந்தப் பாய்லர் முன் இன்னும் எத்தனை வருஷம் நிற்க முடியும் என்று அவனுக்குத் தெரியும், அதிகமில்லை.

திங்கட்கிழமை பிளக்குகளைக் கழற்றிக் கரியைச் சுரண்டினான். செவ்வாய்க்கிழமை தீப்பொறி தரும் மாக்னெட்டோவைப் பிரித்துத் துடைத்தான். பொறி நன்றாகவே தெறித்தது. புதன்கிழமை பெட்ரோல் குழாயைக் கழற்றி வாய் வைத்து ஊதினான். வாயெல்லாம் பெட்ரோல் ஆனதுதான் மிச்சம், குழாயில் அடைப்பில்லை. கார்புரேட்டரிலும் குற்றமில்லை. எல்லாவற்றையும் பூட்டி, புழுதி படிந்த இடமெல்லாம் பழந்துணியால் துடைத்து, தனியாகக் கருங்குளம் வரை ஓட்டிப் பார்த்தான். கார் சமர்த்தாகப் போய்ச் சமர்த்தாகத் திரும்பியது.

வியாழக்கிழமை காலை, தொழுவத்தில் பசுக்களுக்கு நடுவே உட்கார்ந்து, நின்ற நாட்களை ஒவ்வொன்றாக யோசித்தான். கார் நின்றதும் பெட்ரோல் இருக்கிறதா என்று அந்தப் பித்தளை மூடியைத் திருகித் திறப்பது வழக்கம். திறக்கும்போதெல்லாம் 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே போகிற சத்தம் கேட்டது. தனியாக ஓட்டிய நாட்களில் அந்தச் சத்தம் கேட்டதே இல்லை.

மூடியைக் கழற்றி வெயிலுக்கு நேரே பிடித்தான். நடுவில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. அதன் வழியே வெளிச்சம் தெரிந்தது. துளையின் ஓரத்தில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. மோந்து பார்த்தான். முதல்தரச் சந்தனம்.

உடனே சந்தனக் கல்லில் ஒட்டியிருந்ததைக் கொஞ்சம் வழித்து, துளையை அடைத்து, தனியாகக் காரை எடுத்துக்கொண்டு புறப்பட்டான். அணைக்கட்டைத் தாண்டியது. புதுக்குடி வந்தது. இரண்டு இருமல், ஒரு குலுக்கல். தளவாய் வீட்டு வாசலில் நின்றது. மூடியைத் திறந்தான். ஸ்ஸ்!

தளவாய் மாடுகளோடு ஓடி வந்தார். "என்னலே, இன்னைக்கு வியாழக்கிழமைதான? அண்ணாச்சி இல்லாமலேயே நிக்கப் பழகிட்டா?"

தானியேல் வாய்விட்டுச் சிரித்தான். நட்டநடு ரோட்டில் கார் நின்றதற்குச் சந்தோஷப்பட்ட முதல் மனிதனைப் பார்த்துத் தளவாய் கொஞ்சம் பயந்து, மாடுகளோடு உள்ளே போய்விட்டார்.

திரும்பி வரும் வழியிலேயே சிரிப்பு அடங்கிவிட்டது. நோய் தெரிந்துவிட்டது, அதை யார் போய்ச் சொல்வது? 'எசமான், உங்க பொட்டுதான் காரை நிறுத்துது' என்று ஒரு வேதக்காரன் சொன்னால் என்ன ஆகும்? ஏற்கெனவே கற்பூரத்தைத் தடுத்த கணக்கு ஒன்று நிற்கிறது. சந்தனத்தையும் தடுத்தால், வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காமல் இன்றைக்கே நாசரேத் போகலாம். தெரியாமல் துடைத்துவிடலாமென்றாலும் வழியில்லை. பிள்ளை முன்னால் உட்கார்ந்து அந்தப் பொட்டைப் பார்த்துக்கொண்டேதான் வருவார்.

வீட்டுக்கு வந்தால் நிலைமை இன்னும் முற்றியிருந்தது. பிள்ளை வரவழைத்த விஸ்வேஸ்வர சாஸ்திரிகள் காரை மூன்று முறை சுற்றிவந்து கண்டுபிடித்துவிட்டார்.

"பிள்ளைவாள், வாகன தோஷம். பொட்டு போறாது. நாளைக் காலம்பற சந்தனக் காப்பு சாத்திடணும். நெத்தியிலே ஆரம்பிச்சு முழுசா."

"எவ்வளவு சந்தனம் வேணும்?"

"தாராளமா."

இரண்டு ஆட்கள் கல்லைப் போட்டு அரைக்க உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் அரைப்பதைப் பார்க்கப் பார்க்கத் தானியேலுக்கு அந்தக் கல்லில் தன்னையே வைத்து அரைப்பதைப்போல இருந்தது. கொல்லைப் பக்கமாகப் போய், பிள்ளையின் மனைவி சொர்ணாம்பாள் முன் கைகட்டி நின்றான். அவள் மண்ணெண்ணெய் டின்னைச் சாய்த்து விளக்குகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஆச்சி, ஒண்ணு சொன்னா கோவிக்கப்பிடாது."

"சொல்லு."

தயங்கித் தயங்கி எல்லாவற்றையும் சொன்னான். அவள் ஊற்றுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டாள்.

"அவ்வளவுதானா? இந்த டின்னுலயும் ரெண்டு ஓட்டைதான் போட்டிருக்கேன். ஒத்தை ஓட்டை போட்டா எண்ணெய் மொடக்கு மொடக்குன்னு நிக்கும். காத்து உள்ள போனாத்தான எண்ணெய் வெளிய வரும்? இதுக்கா நாலு நாளா எஞ்சினைப் போட்டு உருட்டுதே?"

அவள் அடுத்த விளக்கைக் கிட்டே இழுத்தாள்.

"அவுககிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல ஆச்சி."

"பொழைச்சே. சொல்லிராத." டின்னைக் கீழே வைத்துக் கையைத் துடைத்தாள். "சந்தனம் வைக்காம அவுக இருக்க மாட்டாக. ஓட்டையில அது படக்கூடாது. அதுதான வேணும்? இரு."

உள்ளே போய் ஒரு வெள்ளிக் கிண்ணத்தோடு வந்தாள். அவள் பிறந்த வீட்டுச் சீர். அதைக் கவிழ்த்து அவன் கையில் கொடுத்தாள். "இது மூடியை மூடுமா, பாரு."

கச்சிதமாக மூடியது. தானியேல் அரத்தை எடுத்து, விளிம்பில் மூன்று இடத்தில் காற்றுப் போக வழிவிட்டு அராவினான். சுற்றிக் கட்டக் கம்பியும் தயார் செய்தான்.

மற்றதைச் சொர்ணாம்பாள் புருஷனுக்குச் சோறு பரிமாறும்போது பார்த்துக்கொண்டாள்.

"கேட்டியளா? சாமிக்கெல்லாம் வெள்ளிக் கவசம் சாத்துதாவ. நம்ம காருக்கு வெறும் பித்தளையிலயா சந்தனம் வைக்கது? 'அண்ணாச்சி காருக்குப் பித்தளை நெத்தி'ன்னு தளவாய்க் கொழுந்தன் சொல்லிச் சிரிச்சாகளாம்."

பிள்ளையின் கை இலையிலேயே நின்றது. "யாரு, அந்தப் பயலா?"

"ஊரே சிரிச்சிச்சாம்."

மோருக்கு வருவதற்குள் வெள்ளிக் கவசம் பிள்ளையின் சொந்த யோசனை ஆகியிருந்தது. சாஸ்திரிகளும் ஒத்துக்கொண்டார். "கவசம்னா பேஷ். காப்பு அதுக்கு மேலேயே நின்னுடலாம். வண்டி முழுக்க வேண்டியதில்லை." அரைத்துக்கொண்டிருந்த ஆட்கள் இருவரும் அந்த நிமிஷமே எழுந்து இடுப்பை நிமிர்த்தினார்கள்.

வெள்ளிக்கிழமை காலை. சாஸ்திரிகள் மந்திரம் சொல்லிக்கொண்டே கிண்ணத்தின் மேல் சந்தனத்தை வழித்து வழித்துப் பூசினார். உச்சி முடிந்து பக்கவாட்டில் இறங்கினார். விரல் விளிம்பை நெருங்க நெருங்கத் தானியேல் ஓரடி ஓரடியாக முன்னால் நகர்ந்தான். அராவிய வழிகள் மூடிக்கொண்டால் தோஷமும் தீராது, வேலையும் தங்காது.

"சாஸ்திரிகளே," என்றாள் சொர்ணாம்பாள் நிலைப்படியில் நின்றபடி, "அடியில வெள்ளி ஒரு விரக்கடை தெரியட்டும். எல்லாத்தையும் மூடிட்டா, வெள்ளின்னு எவனுக்குத் தெரியும்?"

"அதானே!" என்று பிள்ளை பாய்ந்து வந்து சாஸ்திரிகளின் கையைப் பிடித்துவிட்டார். "நல்லாத் தெரியட்டும் சாமி. ரெண்டு விரக்கடையாவே விடுங்க."

கார் புறப்பட்டது. சொர்ணாம்பாள் பின்னால், பிள்ளை முன்னால். கடைத்தெருவில் ஊதுகுழல் அலறியது. அணைக்கட்டின் மேல் போகும்போது தானியேல் தண்ணீரைப் பார்க்கவில்லை. காதை எஞ்சினில் வைத்திருந்தான். புதுக்குடி வந்தது. தளவாய் மாடுகளோடு ரோட்டு ஓரத்தில் தயாராக நின்றார். மாடுகள் கூடக் கழுத்தை நீட்டி வைத்திருந்தன. இருமல் வரவில்லை. குலுக்கல் வரவில்லை. வீடு பின்னால் போயிற்று. மாமரம் போயிற்று. கோவில் குளமும் போயிற்று. ஒரு வாரமாகப் பாதி மூச்சு விட்டுக்கொண்டிருந்த தானியேல் மீதியையும் விட்டான்.

"நிறுத்துலே!" என்றார் பிள்ளை.

"எசமான்?"

"என்ன இப்படிப் பறக்கே? தளவாய் கவசத்தைச் சரியாப் பாத்தானோ என்னமோ. திருப்பு. அவன் வாசல்ல போயி நிறுத்து."

தானியேல் பின்னால் திரும்பிச் சொர்ணாம்பாளைப் பார்த்தான். அவள் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் திருப்பினான். தளவாய் வீட்டு வாசலில் நிறுத்தி எஞ்சினையும் அணைத்தான்.

"வாங்க அண்ணாச்சி," என்றார் தளவாய் நிம்மதியோடு. "தாண்டிப் போவவும் பயந்துட்டேன். நின்னுட்டுல்லா?"

"நிக்கல வே. நான் நிறுத்தினேன்!"

"சரி, சரி. நீங்கதான் நிறுத்தினிய. மாட்டைப் பூட்டட்டுமா?"

"நான்தான் நிறுத்தச் சொன்னேங்கேன்!"

"நான் இல்லைன்னா சொன்னேன்? போன வாரமும் நீங்கதான் நிறுத்தினிய, அதுக்கு முந்தின வாரமும் நீங்கதான்." அப்போதுதான் அவர் கண்ணில் சந்தனம் பட்டது. "இது என்ன, நெத்தியில இம்புட்டுப் பெரிய பத்து போட்டிருக்கு? காய்ச்சலா?"

தானியேல் குதித்திறங்கி, முன்னால் போய்க் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினான். ஒரே சுற்று. எஞ்சின் பிடித்துக்கொண்டது. தளவாய் கையில் கயிறோடு அப்படியே நின்றார். இந்தக் கார் கிளம்பிப் போகும்போது அதன் பின்பக்கம் எப்படி இருக்கும் என்பதை அவர் அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தார்.

கருங்குளத்தில் நிற்கவில்லை. செய்துங்கநல்லூரில் நிற்கவில்லை. பாளையங்கோட்டையைக் கடந்து, வண்ணார்பேட்டை ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, சம்பந்தி கைலாசம் பிள்ளையின் புது வீட்டு வாசலில், நிறுத்தச் சொன்ன இடத்தில் நின்றது.

கைலாசம் பிள்ளை கிண்ணத்தைச் சுற்றிவந்து பார்த்தார். "இது என்ன ஏற்பாடு சம்பந்தி?"

"தோஷ நிவர்த்திக் கவசம். நானே யோசிச்சுச் செஞ்சது. எஞ்சினுக்கு ஒண்ணுமே இல்ல. இந்தப் பய நாலு நாளா அதைப் போட்டுப் பிரிச்சுக்கிட்டுக் கெடந்தான். ஏலே தானியேலு, அப்படித்தான?"

"அப்படித்தான் எசமான்," என்றான் தானியேல். அவன் அவ்வளவு மனப்பூர்வமாக எதையும் ஒப்புக்கொண்டதில்லை.

"போ, போயிச் சாப்பிடு. வார வெள்ளிக்கிழமை திருச்செந்தூர் போவணும். தூரம் கூட. அதுக்கு முன்னால டயரைப் பாத்து வையி."

வார வெள்ளிக்கிழமை! பாளையங்கோட்டை ஆளைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. டயரைப் பார்க்கிறவன் தானியேல்தான். திருச்செந்தூர் வரை ஓட்டுகிறவனும் அவன்தான்.

பின்கட்டில் இலை போட்டிருந்தார்கள். தேங்காய்ப்பால் சொதி பரிமாறிக்கொண்டு வந்த ஆள் முதல் கரண்டியிலேயே நகரப் பார்த்தான். தானியேல் அவன் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"இன்னும் ஊத்தும் அண்ணாச்சி. இனிமே வெறும் டயர் வேலைதான்."