சங்கக் கூட்டத்துக் கொழுக்கட்டை

விண்ணரசியின் உள்ளங்கை மட்டும் ஒழுங்காக இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. மீன்சுருட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள் அவள். புருஷன் போன பிறகு அந்த வேலைதான் வீட்டுக்குச் சோறு. அந்தக் கையில்தானா செதில் செதிலாகத் தோல் உரிய வேண்டும்? "அது குஷ்டம்தான்டி, எனக்குத் தெரியாதா?" என்று குழாயடியில் முத்தாயி கொளுத்திப் போட்டாள். அந்த ஊரில் முத்தாயி சொன்னால் சொன்னதுதான். மறுநாளே முத்தாயி மகன் முதல் எல்லாப் பிள்ளைகளும் வீட்டிலிருந்து டப்பாவில் சோறு கொண்டுவர ஆரம்பித்தார்கள். சமைத்தது சமைத்தபடி கிடந்தது.

ஹெட்மாஸ்டர் சவரிமுத்து நல்ல மனுஷர். அவரே, "என் கையில ஒண்ணுமில்ல விண்ணரசி. பரீட்சை லீவுக்குள்ள பிள்ளைங்க சாப்பிட வரலன்னா வேற ஆளப் போட்டுருவாங்க" என்று சொல்லிவிட்டார். கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு அரியலூருக்கு பஸ் ஏறினாள்.

அரியலூரில் தோல் டாக்டர் லீலாவதி. தொண்ணூற்றைந்தில் அவர் போர்டு மாட்டியபோது, தோலுக்கென்று தனியாக ஒரு டாக்டரா என்று சிரித்த ஊர் அது. முக்காடு போட்டுப் பின்வாசலில் நுழைந்த ஜனம், ஒன்பது வருஷத்தில் முன்வாசலில் நின்று டோக்கனுக்குச் சண்டை போட்டது. அந்த அம்மாளின் சம்பாத்தியம் அதுதான். பெரம்பலூர், அரியலூர் டாக்டர்கள் எல்லாரும் சேர்ந்து அந்த வருஷம் அவரைச் சங்கத்துக்குத் தலைவி ஆக்கியிருந்தார்கள்.

உறை போடாத கையாலேயே விண்ணரசியின் கையைப் பிடித்துப் பார்த்தார். "சொரியாசிஸ். யாருக்கும் ஒட்டாது. வெடிச்சு ரத்தம் கசிஞ்சா மட்டும் அடுப்படிக்குப் போகாதீங்க."

மருந்தில் வெடிப்பு மூடிக்கொண்டது. சிவப்பும் செதிலும் மட்டும் மிச்சம். ஒட்டாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததை ஊரில் கொண்டுபோய்க் காட்டினாள். முத்தாயி மசியவில்லை. "வைத்தியம் பாக்குற அம்மா அவ பக்கம்தானே பேசுவாங்க?"

விண்ணரசி அழுதுகொண்டே இதைச் சொன்னபோது லீலாவதிக்குக் கோபம் வரவில்லை. "அந்த அம்மா சொல்றதுலயும் நியாயம் இருக்கு" என்று யோசித்தார். "அடுத்த மாசம் எங்க சங்கக் கூட்டம் உங்க பள்ளிக்கூடத்துலதான். டிபன் உங்க பொறுப்பு."

டாக்டர்கள் சங்கக் கூட்டம் எப்படி நடக்கும் தெரியுமா? ஏ.சி. ஹாலில் ஒருவர் படம் போட்டுப் பேசுவார். மற்றவர்கள் பிரியாணி வாசனை வருகிறதா என்று மூக்கைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களையா இந்த அம்மாள் ஓட்டுக் கட்டடத்துக்கு இழுத்து வரப் போகிறார்!

"உப்புமா கிண்டிடுறேம்மா. கரண்டியிலயே வேல முடிஞ்சிரும்" என்றாள் விண்ணரசி.

"வேண்டாம். பிடி கொழுக்கட்டை பண்ணுங்க. உங்க விரல் அதுல பதிஞ்சிருக்கணும்."

விண்ணரசி தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வரிசையாகக் கார்கள் வந்து நின்றன. ஊரே பள்ளிக்கூட வாசலில் கூடியது. முத்தாயி முன்னால் நின்றாள். லீலாவதி படம் ஏதும் போடாமல், இந்த நோய் என்ன, எது ஒட்டும், எது ஒட்டாது என்று ஊருக்கும் புரிகிற தமிழில் பேசி முடித்தார். தட்டுகள் வந்தன.

சங்கச் செயலாளர் இளையபெருமாள் ஆபரேஷன் டாக்டர். முத்தாயி புருஷனின் குடலிறக்கத்தைச் சரிசெய்தவர் அவர்தான். அவர் கொழுக்கட்டையை எடுத்தார். விரல் தடத்தைப் பார்த்தார். கை பாதியில் நின்றுவிட்டது. அவ்வளவு படித்த கை! ஊர் மொத்தமும் அதைப் பார்த்தது. தொலைந்தோம் என்று விண்ணரசி சுவரில் சாய்ந்துவிட்டாள்.

லீலாவதி அவர் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னார். "நான் எத்தனை தின்னாலும் என் பேஷண்ட்டுக்காகத் திங்கிறேன்னுதான் சொல்லுவாங்க சார். உங்களத்தான் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க."

இளையபெருமாளுக்கு முகம் சிவந்துபோயிற்று. "தப்புதான் மேடம்" என்று முழுசாக வாயில் போட்டார். மென்றார். "இன்னும் ரெண்டு வைம்மா" என்று தட்டை நீட்டினார். அதற்கப்புறம் ஒவ்வொரு டாக்டரும் கை நீட்ட, விண்ணரசிக்கு நிற்க நேரமில்லை. இந்தச் சங்கத்தை வைத்து இந்த அம்மாள் செய்ததை இதற்கு முன் இருந்த எந்தத் தலைவராவது செய்திருப்பாரா?

முத்தாயி விடுவிடுவென்று உள்ளே வந்தாள். கூடையிலிருந்து ஒன்றை எடுத்துப் பிட்டு வாயில் போட்டாள்.

"வெல்லம் பத்தல" என்றாள். "நாளைக்கு சாம்பார்லயாவது உப்பப் பாத்துப் போடு. எம்மவன் நொட்டை சொல்லுவான்."

விண்ணரசி முந்தானையை உதறிவிட்டு, இரண்டு உள்ளங்கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு ஊர் பார்க்க ஓவென்று அழுதாள். "சரிக்கா" என்று சொல்ல அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று.