திருப்பிக் கேட்கும் உரிமை

1

இந்தக் கதை என்னுடைய ஒரு தவறான ஊகத்தில் தொடங்கியது. பாரிஸின் லா சப்பேல் பகுதியில், ரூ காய் தெருவில் நான் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் உணவகத்தில், மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த பிறகு, சமையல்காரன் பேனாட் மூலை மேசையில் இருந்து தொலைபேசியில் ஏதோ ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். நீள்வட்டப் பந்து.

"றக்பியோ?" என்றேன்.

"இல்லை அக்கா. இது அவுஸ்திரேலியாக்காரற்றை ஃபுட்போல். பந்து மட்டுந்தான் அதைப்போல. சட்டம் வேறை."

அந்தச் சட்டத்தை அவன் சொல்லி முடிப்பதற்குள் என் தேநீர் ஆறிவிட்டது. இந்த நகரத்தில் ஒருவரும் பார்க்காத ஓர் ஆட்டத்தில் உனக்கென்ன இவ்வளவு பைத்தியம் என்று கேட்டேன்.

"என்ரை மகள் அங்கை இருக்கிறா" என்றான். பிறகு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டான்.

லா சப்பேலில் ஒரு விசித்திர இரசிகன் என்று சிரிப்பூட்டும் கட்டுரை ஒன்று எழுதத்தான் நினைத்தேன். அவனிடம் சொன்னபோது, "எழுதுங்கோ. ஆனா எனக்கு வாசிச்சுக் காட்டிப்போட்டுத்தான் ஆருக்கும் குடுக்கோணும்" என்றான். ஆகவே இதை எழுதியவர்கள் இரண்டு பேர். நான் எழுதினேன், அவன் வெட்டினான். வெட்டிய இடங்களை மறைக்காமல் விட்டிருக்கிறேன்.

2

தொடக்கங்கள்:

"2018ஆம் ஆண்டு ஆனி மாதக் காலை ஒன்றில், லா சப்பேல் மேம்பால ரயிலின் இரைச்சலுக்குக் கீழே ஒரு தந்தை —"

இதை நானே விட்டுவிட்டேன். 'ஒரு தந்தை' என்றதுமே நீங்கள் கைக்குட்டையைத் தேடுவீர்கள்.

"1897இல் மெல்பேர்ண் நகரத்தின் எட்டுக் கழகங்கள் பழைய சங்கத்தை விட்டு வெளியேறி, தங்களுக்கென்று ஒரு லீக்கை —"

பேனாட்டுக்கு இது நன்றாகப் பிடித்திருந்தது. எனக்குத்தான் பாடப்புத்தக வாடை அடித்தது.

"வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த பேனாட்டின் கண்களில் —"

இதற்கு அவன் சிரித்தேவிட்டான். "அண்டைக்கு நான் கணவாயெல்லோ துப்புரவாக்கினனான். வெங்காயத்தை மெஷின் வெட்டும் அக்கா. இராஜதுரை அண்ணை வாங்கிப்போட்டிருக்கிறார்."

இராஜதுரை உணவகத்தின் முதலாளி. கதையில் அவருக்கு வேறு வேலை இல்லை.

சரி, அந்தக் கணவாய் மீனிலிருந்தே தொடங்கலாம். ஆனால் அதற்கு முன்னால் பதினொரு வருடம் இருக்கிறது.

3

பேனாட் மன்னார்ப் பக்கத்து ஆள். 2007ஆம் ஆண்டு முடிவில், மகள் ஜெனிற்றா இன்னும் குப்புறப் புரளப் பழகாத வயதில், மனைவி மேரிறோஸிடம் 'கொஞ்சக் காலம் பொறு, வதிவிடக் கார்ட் கிடைத்ததும் கூப்பிடுகிறேன்' என்று சொல்லிவிட்டுப் பாரிஸுக்கு வந்தான். அவனுடைய அகதி வழக்கை இங்கே முதல் முறை நிராகரித்தார்கள். அவன் மேன்முறையீடு செய்தான். அங்கே யுத்தம் தாயையும் பிள்ளையையும் வன்னிக்குள் இழுத்துக்கொண்டுபோனது. 2009 வைகாசியில் எல்லாம் முடிந்தபோது, அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்றே அவனுக்குத் தெரியாது. செட்டிகுளம் முகாமிலிருந்து யாரோ ஒருவருடைய தொலைபேசியில் மேரிறோஸ் பேசினாள். "ரெண்டு பேரும் இருக்கிறம்" என்றாள். அவ்வளவுதான் பேசக் கிடைத்தது.

முகாமை விட்டு வந்த பிறகு அவள் பொறுக்கவில்லை. பொறுத்திருக்க வேண்டுமா என்று நான் கேட்கப்போவதில்லை. அவளுடைய அண்ணன் படகு ஏறினார், அவளும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூடவே ஏறினாள். படகு அவுஸ்திரேலியக் கடலுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர்களை ஏற்றுக்கொண்டார்கள். அதற்கடுத்த வருடம் பேனாட்டின் மேன்முறையீடு வென்றது.

இரண்டு பேரிடமும் இப்போது வதிவிட உரிமை இருந்தது, இரண்டு கண்டங்களில்.

"நீங்கள் இஞ்சை வாங்கோ" என்றாள் மேரிறோஸ். "நீங்கள் ரெண்டுபேரும் இஞ்சை வாங்கோ" என்றான் அவன். 'இஞ்சை' என்ற நம் சொல் யார் வாயில் இருக்கிறதோ அவர் நிற்கும் இடத்தைத்தான் குறிக்கும். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் வருடக் கணக்காய் இழுத்தார்கள்.

[இந்த இடத்தில் எனக்குப் பேனாட்டின் மேல் நம்பிக்கை குறைந்தது. பிள்ளைக்காக ஒருவன் போகமாட்டானா? கதைக்குள் இப்படி ஓர் ஆளை நிறுத்தினால் வாசகர் ஏற்பாரா? அவனிடமே கேட்டேன். நெடுநேரம் மேசைத் துணியின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தான். "பயம் அக்கா. ஒருக்கா எல்லாத்தையும் விட்டுட்டு வந்தாச்சு. இன்னொருக்கா ஒண்டுமில்லாதவனாய் ஒரு நாட்டிலை போய் இறங்க எனக்குத் துணிவு வரேல்லை" என்றான். இந்தப் பதில் உங்களுக்குப் போதாதிருக்கலாம். எனக்கும் போதவில்லை. வேறு பதிலை நான் இட்டுக்கட்டவில்லை.]

அவர்கள் விவாகரத்து எடுக்கவில்லை. பெரிதாகச் சண்டை பிடிக்கவும் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் வந்த அழைப்பு மாதம் ஒன்றானது, பிறகு நத்தார் பண்டிகைக்கும் பிறந்தநாளுக்கும் என்றானது.

4

அந்த ஆட்டம் அவன் வாழ்க்கைக்குள் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

2010 செப்டெம்பரில்தான் தாயையும் பிள்ளையையும் தடுப்பு முகாமிலிருந்து மெல்பேர்ணுக்கு மாற்றினார்கள். அந்த நகரம் எப்படி இருக்கும் என்று பார்க்கத் தேடிய பேனாட்டுக்கு, முதலில் கிடைத்தது ஒரு பிரமாண்டமான மைதானம். அன்று அங்கே லீக்கின் கிராண்ட் ஃபைனல், அந்த வருடத்துக் கிண்ணம் யாருக்கு என்று முடிவாகும் ஆட்டம். ஒன்றும் விளங்காமலே கடைசிவரை பார்த்தான். ஆட்ட நேரம் முடிந்தபோது இரண்டு பக்கமும் சம புள்ளி. கிண்ணத்தை யாரும் தூக்கவில்லை. ஆட்டக்காரர்கள் புல்லில் அப்படியே இருந்துவிட்டார்கள். ஒரு லட்சம் சனம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. அடுத்த சனிக்கிழமை அதே ஆட்டத்தைத் திரும்ப ஆடினார்கள். அதையும் பார்த்தான்.

அதன்பிறகு நிறுத்தவில்லை. மகள் நடக்கும் தெரு தெரியாது, பள்ளிக்கூடம் தெரியாது. அந்த ஊரில் மழையா வெயிலா என்பதை மைதானத்துப் புல்லைப் பார்த்து அறிந்துகொண்டான். கமெரா பார்வையாளர் பக்கம் திரும்பும்போது திரைக்குக் கிட்டப் போவான். இதை அவன் ஒருவருக்கும் சொல்லவில்லை, மெல்பேர்ணுக்கும் சொல்லவில்லை.

5

இனிக் கணவாய்.

2018 ஆனியில் ஒரு காலை, கடை திறக்கமுன்னம், பேனாட் கணவாயின் தோலை உரித்துக்கொண்டிருந்தான். தொலைபேசி அடித்தது. மகள். தாய் அழைத்துக் கொடுக்காமல் தானாகவே அவள் அழைத்தது அதுதான் முதல் தடவை. ஈரக் கையைச் சாரத்தில், (அவன் வெட்டினான்: "வேலையிலை ஆர் அக்கா சாரம் கட்டுறது?") ஏப்ரனில் துடைத்துவிட்டு, தொலைபேசியை அரிசி மூட்டையில் சாய்த்து வைத்தான்.

"அப்பா, பிஸியோ?"

"இல்லை. சொல்லு."

"எனக்கு ஒரு ஸ்கூல் ப்ரொஜெக்ட். ஃபுட்டி ஃபைனல்ஸ் முதல் முதல் எப்பிடித் தொடங்கினது எண்டு. டீச்சர் சொன்னவ, அந்த கேமையே தெரியாத ஒராளுக்கு அதை விளங்கப்படுத்தோணுமாம். அவைக்கு விளங்கினாத்தான் மார்க்ஸாம்." சற்று நிறுத்தினாள். "மெல்பேர்ண்ல எல்லாருக்கும் தெரியும். தெரியாத ஆளெண்டா எனக்கு நீங்கள் மட்டுந்தான்."

பேனாட்டின் மனம் அந்த ஒரு கணத்தில் எங்கெல்லாம் போய்வந்தது என்று நான் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அவன் முழுவதையும் வெட்டிவிட்டு, தான் சொன்ன பதிலை மட்டும் விடச் சொன்னான்:

"ஓம் பிள்ளை. எனக்கு ஒண்டும் தெரியாது."

6

அதன்பிறகு மெல்பேர்ணில் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில், பாரிஸில் அடுப்பு மூட்டும் நேரத்தில், பாடம் நடந்தது.

"அப்பா, லிசன். 1897. முதலாவது வருஷம். சீசன் முடியேக்கை மேலை இருக்கிற நாலு டீமும் ஆளையாள் விளையாடோணும். ஆளுக்கு மூண்டு மட்ச். சரியோ?"

"சரி."

"எசென்டன் மூண்டும் வெண்டிட்டுது. அப்ப கிராண்ட் ஃபைனல் எப்ப நடந்திருக்கும்?"

அவனுக்கு விடை தெரியும். "எப்ப?" என்று கேட்டான்.

"நடக்கவே இல்லை." அவள் முகம் மலர்ந்துவிட்டது. "தேவைப்படேல்லை. கடைசியா ஒரு பெரிய மட்ச் இல்லாமலே எல்லாம் முடிஞ்சுது."

"அப்ப பார்க்க வந்த சனத்துக்கு அதுதான் கடைசி எண்டு தெரிஞ்சிருக்குமோ?"

மகள் யோசித்தாள். "நல்ல கேள்வி" என்று ஆசிரியை போலச் சொல்லிவிட்டு, எதையோ குறித்துக்கொண்டாள்.

அந்தக் கேள்வி நடிப்பில்லை என்று பேனாட் என்னிடம் சொன்னான். ஆட்டங்களைப் பார்த்த அத்தனை வருடத்திலும் அவனுக்கு அது தோன்றியதே இல்லை. மகள் சொல்லும்போதுதான் தோன்றியது.

நாட்கள் போகப்போக ஆட்டத்தை விட்டு வேறு கதைகளும் வந்தன. அவளும் ஒரு சிறுமியர் அணியில் ஆடுகிறாள். அவளுக்குக் கத்தரிக்காய் பிடிக்காது. அம்மா முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள், அங்கே இருக்கும் கிழவி ஒருத்தி அம்மாவைத் தன் மகள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். பேனாட் தெரியாதவனாகவே இருந்தான். தெரியாமல் இருக்கும்வரைதான் அவள் அழைப்பாள்.

7

(இந்தப் பகுதியில் 1924ஆம் ஆண்டைப் பற்றி ஒரு சிறு கட்டுரை இருந்தது. அந்த வருடமும் கிராண்ட் ஃபைனலை விட்டுவிட்டு நான்கு அணிகளை ஒன்றோடொன்று ஆடவிட்டார்கள். கடைசி ஆட்டத்தில் தோற்ற அணியே கிண்ணத்தை வென்றது. எனக்கு மிகவும் பிடித்த செய்தி. பேனாட் கேட்டுவிட்டு, "அது ஜெனிற்றா சொல்லாதது" என்றான். எடுத்துவிட்டேன்.)

8

ஆடி மாதத்தில் மகள் 1902க்கு வந்தாள். புதிய விதி. அதை ஒரு துப்பறியும் கதை போலத் தயாரித்து வைத்திருந்தாள்.

"கொலிங்வூட்தான் சீசன் முழுக்க ஃபர்ஸ்ட். ஆனா செமி ஃபைனல்ல தோத்திட்டுது. ஓகே? இப்ப எல்லாரும் நினைக்கினம், கொலிங்வூட் முடிஞ்சுது எண்டு. ஆனா முடியேல்லை. ஏன்?"

அன்று அவன் இறைச்சி வெட்டிக்கொண்டிருந்தான். கை வேலையில் இருந்தது, மனம் மகளின் குரலில் இருந்தது.

"சலெஞ்ச் பண்ணித் திருப்பி ஆடக் கேட்டிருப்பினம்" என்றான்.

மகள் தன் குறிப்பைத் திருப்பிப் பார்த்தாள்.

"அந்த வேர்ட் நான் இன்னும் சொல்லேல்லை அப்பா."

"சும்மா ஒரு ஊகத்திலை..."

"இல்லை. உங்களுக்குத் தெரியும்."

பேனாட் கத்தியை வைத்தான். "ஓம்."

"எப்பையிருந்து?"

"நீ மெல்பேர்ணுக்கு வந்ததிலையிருந்து. ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறனான்."

"அப்ப நான் சொன்னதெல்லாம்?"

"நீ சொல்லேக்கைதான் எனக்கு —"

இது நான் கைவிட்ட வாக்கியம் இல்லை. அவனால்தான் முடிக்க முடியவில்லை.

"தெரியாத ஆளுக்குத்தான் சொல்லச் சொன்னவ" என்றாள் மகள். அழுகிறாளா கோபமா என்று பிடிபடுவதற்குள் திரை இருண்டுவிட்டது.

9

அதன்பிறகு அவள் அழைக்கவில்லை. அவன் அழைத்தாலும் பதில் இல்லை. உணவகத்தில் பேனாட் உப்பை மறந்தான். அந்த நாட்களில் நான் கதையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, தேநீர் மட்டும் குடித்தேன்.

ஆவணியில் ஒரு காலை அழைத்தது மேரிறோஸ். முகத்தைக் காட்டாமல் பேசினாள்.

"பிள்ளைக்கு என்ன சொன்னனீங்கள்?"

அவன் நடந்ததைச் சொன்னான். அவள் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டாள்.

"ப்ரொஜெக்டைக் குடுத்திட்டாள். என்னைத்தான் இருத்தி வைச்சு விளங்கப்படுத்தினவள். எனக்கும் அந்த விளையாட்டுத் தெரியாதெண்டு அவளுக்கு இவ்வளவு நாளும் தெரியாது." பிறகு சொன்னாள்: "தோத்தாலும் திருப்பி ஒருக்கா ஆடக் கேக்கலாமாம். ஆனா அந்த உரிமை முதலாவதா வந்தவைக்கு மட்டுந்தானாம். நீங்கள் எத்தினையாவதா வந்தனீங்கள்?"

"தெரியேல்லை மேரி."

"எனக்கும் தெரியேல்லை."

தொலைவில் ஒரு நாய் குரைப்பது கேட்டது. மெல்பேர்ண் நாய். அதைக்கூட அவன் ஆவலோடு கேட்டான்.

"அவள் ஒரு கேள்வி கேட்டவள்" என்றாள் மேரிறோஸ். "இவ்வளவு காலமும் பார்த்துக்கொண்டிருந்தவர் ஏன் வரேல்லை எண்டு. என்னட்டை மறுமொழி இல்லை. நீங்களே வந்து சொல்லுங்கோ. எங்கடை வீட்டிலை நிக்கேலாது. அண்ணையின்ரை வீட்டிலை நிக்கலாம்."

10

விசா கிடைத்தது. இராஜதுரை விடுமுறை கொடுத்தார். பயண நாளில் நான் கார் து நோர் ரயில் நிலையம்வரை கூடப் போனேன். அதற்கு முன்பே இரண்டு முடிவுகள் எழுதி அவனுக்கு வாசித்துக் காட்டியிருந்தேன்.

முதலாவதில் மகள் ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள். "ஓடி வருவா எண்டு எழுதாதேங்கோ அக்கா" என்றான். "பிறகு அவ நடந்து வந்தா எனக்குக் குறையாத் தெரியும்."

இரண்டாவதில் மேரிறோஸின் அண்ணன் மட்டும் நிற்கிறார். அதை வாசித்து முடித்ததும் நானே கிழித்தேன்.

நிலையத்துக்கு அடியில், விமான நிலையத்துக்குப் போகும் ரயிலுக்காக நின்றோம். அவன் புதுச் சப்பாத்துப் போட்டிருந்தான், அது கடித்தது. திடீரென்று கேட்டான்:

"அக்கா, பதினொரு வயதுப் பிள்ளை எவ்வளவு உயரம் இருக்கும்?"

எனக்கு உடனே விளங்கவில்லை.

"போன்ல முகம் மட்டுந்தானே வாறது. நான் கடைசியாத் தூக்கேக்கை..." தன் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை ஒரு தடவை பார்த்துக்கொண்டான். "அங்கை பிளேன் இறங்கினாப்பிறகு ஒரு கதவு திறக்குமாம், சனம் எல்லாம் நிக்குமாம். எந்த உயரத்திலை பார்க்கிறது எண்டு தெரியோணுமே."

நான் என் கையை நெஞ்சளவில் பிடித்துக் காட்டினேன். அவன் அந்தக் கையைப் பிடித்துத் தோள்வரை உயர்த்தினான். பிறகு சற்றுத் தாழ்த்தினான். பிறகு மறுபடி உயர்த்தினான். பெட்டி இழுத்துப் போகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ரயில் வந்தபோது எங்களுக்குள் முடிவாகியிருக்கவில்லை.

இதை எழுதும்போது அவன் இன்னும் வானத்தில் இருக்கிறான். இறங்கிய பிறகு எழுதினால் நடந்ததை எழுதலாம். ஆனால் அது அவர்கள் மூவருக்கும் உரியது, என்னை வைத்துக்கொண்டு நடப்பது அல்ல. ஆகவே இங்கே நான் நிறுத்துகிறேன். கதவுக்கு அப்பால் யார் நிற்கிறார்கள், யார் முதலில் பேசுகிறார்கள் என்பதெல்லாம் உங்கள் விருப்பம். ஓடி வர மட்டும் வைக்காதீர்கள், அவன் கேட்டுக்கொண்டான். இன்னும் சில மணி நேரத்தில் அந்தக் கதவு திறந்துவிடும். அதற்கு முன் நீங்கள் ஒருதரம் எழுந்து நின்று, கையை உயர்த்தி, அந்தப் பிள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று காட்டுங்கள்.