கூலர் வாங்கிய ஞாயிறு

"இன்னொரு தடவை புகார் வந்தா ரூமைக் காலி பண்ணிடுப்பா," என்றார் வீட்டுக்கார அம்மா. "பக்கத்து ரூம் ஓவ்யாங் ஏழு மணிக்கே படுக்கிறவர். ராத்திரியே எழுந்து சோயா பால் காய்ச்சப் போகணும். உன் ரூம்ல ஓயாம சத்தமாம்."

என்ன சத்தம் என்று நான் கேட்கவில்லை. மாலை வகுப்பில் வீட்டு உள்ளலங்காரம் படிக்கிறேன். ஓர் அறையை வெளிச்சமும் நிழலுமாகக் கணினி வரைந்து முடிப்பதற்குள் பிராசஸர் கொதித்துப்போகும். அதன் மேலிருக்கும் சின்ன விசிறி ஊளையிடும். எனக்கும் ஓவ்யாங்குக்கும் நடுவே இருப்பது ஒரு பலகைச் சுவர்தான். நாங்கள் பார்த்துக்கொண்டதில்லை. காலணி அடுக்கில் அவர் பெயரைப் படித்திருக்கிறேன், அவ்வளவுதான். தைபேயில் இந்த வாடகைக்கு வேறு அறை கிடையாது. தேடிப் பார்த்துவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க, பிராசஸரைக் குளிர்விக்கும் கூலர்களை ஒப்பிட்டேன். விலை, உயரம், சத்தம், எவ்வளவு சூடு தாங்கும் என்று. கணினிப் பெட்டியின் உட்புறத்தை அளந்தேன். சந்தேகம் வந்து மறுபடியும் அளந்தேன்.

ஞாயிறு பிற்பகல் குவாங்ஹுவா கணினிச் சந்தைக்குப் போனேன்.

"என்ன வேணும், அழகா?" என்றாள் கடைக்காரி. அங்கே எந்த ஆண் வந்தாலும் அழகன்தான். தெரிந்தும் என் முகம் சூடானது.

"சத்தம் போடாத கூலர். விலை கம்மியா."

"சத்தமும் போடக்கூடாது, செலவும் வைக்கக்கூடாது. அப்படி ஒண்ணு இருந்தா நானே கல்யாணம் பண்ணியிருப்பேன்." இரட்டைக் கோபுரம் போன்ற ஒன்றை எடுத்து வைத்தாள். "இது மூவாயிரம். தலைமாட்டுல வச்சுத் தூங்கலாம்."

"உயரம் ஜாஸ்தி. பெட்டி மூடாது."

"அளந்துட்டியா?"

"பல தடவை."

"என் தையக்காரர்கூட என்னை இப்படி அளந்ததில்ல."

எண்ணூற்றுத் தொண்ணூறு தைவான் டாலரில் ஒற்றைக் கோபுரம் ஒன்று இருந்தது. பெரிய விசிறி என்பதால் மெதுவாகச் சுற்றினாலே போதும். "அட்டையில போட்டிருக்கிற சத்த அளவை நம்பலாமா?" என்று கேட்டேன்.

"அட்டைய அடிச்சவனே விக்கிறவன்தானே. விசிறியோட அளவை நம்பு. வேகத்தையும் கொஞ்சம் கொறைச்சு வை."

வாங்கி வந்தேன். மாலையில் பிராசஸர் மேலிருந்த, சூடு கடத்தும் பழைய பசையைத் துடைத்து, கூலர் அடித்தகட்டின் மெல்லிய தாளை உரித்து, புதுப் பசை ஒரு பட்டாணி அளவு வைத்து, எதிரெதிர் மூலைகளாகத் திருகாணிகளை முடுக்கினேன். வேகத்தைக் குறைத்து, வகுப்புக்கான வரவேற்பறையைக் கணினியில் வரையவிட்டேன். எதுவும் கேட்கவில்லை. விசிறி சுற்றுகிறதா என்று கையை நீட்டிக் காற்றைப் பார்த்தேன். சுற்றியது. அறை பிழைத்தது.

ஓவ்யாங் பக்கச் சுவரில் மூன்று முறை தட்டும் சத்தம்.

"அண்ணே, இன்னுமா கேக்குது?" என்றேன் பலகையிடம்.

"எது?"

"விசிறி."

"விசிறியா? அது மழை மாதிரி தம்பி. அதுலதான் தூங்குவேன். இன்னிக்கு ஏன் நிறுத்தினீங்க? இப்ப நீங்க பேசுறது ஒவ்வொரு வார்த்தையும் கேக்குது."

"நான் பேசலையே."

"'அந்த ஸ்க்ரூ வேணாம், எதிர்ப்பக்கம்'னு சொன்னது யாரு? அப்புறம் 'பரவால்ல, நல்லாத்தான் மாட்டியிருக்கே'ன்னு. கூட யாராவது இருக்காங்களா?"

சுற்றிப் பார்த்தேன். கட்டில், மேசை, குடை.

"இல்லண்ணே. தினமுமா பேசுறேன்?"

"தினமும்தான். நேத்து நூடுல்ஸ்ல உப்பு ஜாஸ்தின்னீங்க."

உப்பு அதிகமாகத்தான் இருந்தது.

"குத்தமாச் சொல்லல தம்பி. பேச்சுன்னா பதில் வரும்னு காது காத்துக்கிட்டே கெடக்குது. வர்றதில்ல. அதுல தூக்கம் போயிடுது."

"இனிமே பேசமாட்டேன். வீட்டுக்காரம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"நீங்க அந்த மழையைப் போடுங்க, போதும்."

விசிறியின் வேகத்தை முழுதாக ஏற்றினேன். பெரிய விசிறி, நல்ல கூலர். எவ்வளவு ஏற்றியும் பழைய இரைச்சலில் பாதிகூட வரவில்லை. அடுத்த பக்கம் கட்டில் கிறீச்சிட்டது.

உதடுகளை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரவேற்பறை திரையில் பட்டை பட்டையாக நிறைந்து வந்தது: சோபா, விளக்கு, சன்னல் வெளிச்சம். கடைசிப் பட்டை நிரம்பியதும் என் வாய் திறந்தது. சுவரைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.