மாதாவின் காலடியில் வெண்பூக்கள்

மாலை வெயில் சாய்ந்து, இலண்டன் மாநகரின் கீழ்த்திசையில் குட்மேய்ஸின் செங்கல் வீட்டு வரிசைகளின்மேல் மஞ்சள் பூசி, கடைத்தெருவின் கறித்தூள் மணத்தையும் தொடர்வண்டியின் இரைச்சலையும் ஒருங்கே சுமந்த இளங்காற்று உலவிய மே மாதத்து ஞாயிறொன்றில், நந்தமிழர் கூடி வழிபடும் பங்குக் கோயிலின் வேலியோரம், பூத்துக் குலுங்க வேண்டிய முள்மரம் ஒன்று மொட்டையாய் நின்றது. செபமாலைக்கு வந்த கிளறிற்றா அதனைக் கண்டாள். கண்டதும் அவள் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அறிவுடையீர், அச்சினத்தின் காரணம் கேளீர். தாவரவியல் கற்பிக்கும் அவள், ஹாதோர்ன் எனப்படும் அம்மரத்தைக் குளிர்காலம் முதல் உற்றுநோக்கி வந்தவள். இந்நாட்டு மண்ணுக்கே உரிய ஹாதோர்ன் இருவகை. எங்கும் வேலியாய் வளர்வது, ஆழ வெட்டுண்ட இலையும், பூவின் நடுவே ஒற்றைச் சூல்தண்டும், கனிக்குள் ஒற்றைக் கொட்டையும் உடையது. பழங்காடுகளின் எச்சமாய் அருகி நிற்பதோ, ஆழமற்ற மடல்களும், இரட்டைச் சூல்தண்டும், இரட்டைக் கொட்டையும் உடையது. இரண்டும் கலந்து பிறப்பதும் உண்டாதலின் இலையை மட்டும் நம்புதல் இயலாது. வண்டித் தரிப்பிடம் அமைக்க அம்மரத்தை வீழ்த்தத் துடித்த கட்டடக் குழுத் தலைவர் பெனடிக்றிடம், "பூ விரியட்டும் அண்ணை. திங்கட்கிழமை கவுன்சில் ஆள் வந்து பூவைப் பாத்து, இது அருகின வகையெண்டு கண்டால் மரத்தை வெட்ட விடாயினம்" என்று அவள் வெள்ளை மனத்தோடு சொல்லியிருந்தாள். சொன்னதுதான் பிழை. ஞாயிறு முற்பகலிலேயே கத்தரிகள் வேலையை முடித்துவிட்டன.

உள்ளே, மாதாவின் திருவுருவம் இடுப்பளவு வெண்பூவில் மூழ்கியிருந்தது. அப்பூவுக்கே இயல்பான பழுதுபட்ட மீன் வாடை அமர்ந்திருந்தோரின் மூக்கைத் துளைத்தும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. தலைவர் வெட்டிய பூவன்றோ! பக்திப் போர்வைக்குள் கத்தரியை ஒளித்த கெட்டிக்காரத்தனத்தை என்னென்பது!

"மாதாவுக்குத்தானே வெட்டினனான், தங்கச்சி. அதிலயும் குற்றமோ?" என்று முறுவலித்தார் பெனடிக்ற்.

கிளறிற்றா பல்லைக் கடித்துக்கொண்டாள். "எந்த மரத்துப் பூ அண்ணை? எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்கோ."

"எங்கட வேலியடி மரம்தான். ஒரு கொப்பும் மிச்சம் விடேல்லை."

அவள் மாதாவின் காலடியிலிருந்து ஒரு கொத்தை எடுத்து, முன்வரிசையிலிருந்த அருமைநாயகியின் கையில் வைத்து, "பூவுக்கு நடுவில எத்தனை தண்டு நிக்குது, பாருங்கோ அக்கா" என்றாள்.

அம்மாது கண்ணாடியைச் சரிசெய்து, பூப்பூவாய்ப் புரட்டிப் பார்த்தார். "இரண்டு. இதிலயும் இரண்டு. ஓம், இதிலயும்."

கொத்து கைமாறிக் கைமாறிக் கடைசி வரிசை வரை சென்றது. எல்லா வாயிலும் அதே எண். தலைவரின் முறுவல் வற்றிப்போயிற்று.

"மரத்தில பூ இல்லையெண்டு நாளைக்குச் சொல்ல ஏலாது அண்ணை" என்றாள் கிளறிற்றா. "எந்த மரத்துப் பூவெண்டு நீங்களே சொல்லிப்போட்டியள்."

மறுநாள் வந்த கவுன்சில் ஆளிடம் அக்கொத்தே சாட்சியாயிற்று; மரம் தப்பியது. ஆயினும் அவள் சினம் தணியவில்லை. தணியவேண்டிய சினமும் அன்று. இலையுதிர்காலத்தில், பூவிழந்த அம்மரத்தில் ஒரு கனியும் சிவக்கவில்லை. பசித்து வந்த பறவைகள் கொப்புக் கொப்பாய்த் தேடித் திரும்பின. தெய்வத்தின் பேரால் பறித்த அப்பூவைத் தெய்வம் கேட்டதில்லை. அதற்காகப் பட்டினி கிடந்தவை அப்பறவைகளே.