வாடகைக் காவடி

"ஏய் ஆறுமுகம், உனக்குச் சூடு சொரணை கீதா? என் கடைக்கு நேர் எதிர்லதான் காவடிய வெச்சுக்கினு உக்காரணுமா?"

"தெரு என்னா ஒங்க நைனா வாங்கி வெச்சதா பாவா? இடம் காலியா இருந்துச்சு, உக்காந்தேன்."

"வாடகைக் காவடின்னு ஒண்ணு கீதுன்னு இந்த ஊருக்கே சொன்னவன் நான்டா!"

"ஆங், நீங்கதான். நான் இல்லைன்னா சொன்னேன்? வேணும்னா என் போர்டுலயே எழுதிடறேன்."

மலையடிவாரத் தெருவே சிரித்தது. டீ கிளாஸை வைக்க மனமில்லாமல் எல்லோரும் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்கள். குமரேசனுக்கு மட்டும் காது மடல்கள் சிவந்துவிட்டன. எதிரே நின்று வாயாடியவன் சொந்த மைத்துனன், மனைவி சுஜாதாவின் பெரியப்பா மகன். தெருவுக்கு அதில் ருசி இரட்டிப்பு.

குமரேசன் சொன்னதில் பொய்யில்லை. பூக்கடையில் உட்கார்ந்திருந்தவருக்குத்தான் முதலில் தோன்றியது: சென்னையிலிருந்து வருகிறவர்கள் காவடி எடுக்க ஆசைப்படுகிறார்கள், எடுத்த காவடியை அடுக்குமாடி வீட்டில் எங்கே வைப்பது என்று தெரியாமல் விழிக்கிறார்கள். வாடகைக்கு விட்டால் என்ன? விட்டார். அந்த முதல் வருஷம் அவர் வாங்கிய பேச்சு கொஞ்சமா? "வாடகைக்கு வேண்டுதலும் கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டுப் போனவர்களில் அவருடைய சம்பந்திமுறைக்காரர்களும் உண்டு. அவர் அசரவில்லை. மலைமேல் கோயிலுக்குப் போய் ஒரு குருக்களிடம் தோஷமில்லை என்று கேட்டு வந்தார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தொண்டை வறள விளக்கினார்.

காவடிகளை அவர் கனத்த மரத்தில் செய்திருந்தார். வேண்டுதல் என்றால் தோளில் உறைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. படியேறிப் போன பட்டணத்துக்காரர்கள் காவடியை மேலேயே போட்டுவிட்டு வேன் ஏறிக் கீழே போய்விட்டார்கள். குமரேசன் தானே ஏறிப்போய் ஒவ்வொன்றாகச் சுமந்து இறக்கினார். ஊரில் யாருமே அவரளவுக்குக் காவடி எடுத்ததில்லை, வேண்டுதலே இல்லாமல்.

இத்தனையையும் எதிர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒருவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவன்தான் ஆறுமுகம். நாமும்தான் பார்த்தோம், நமக்கு டீ குடிக்கத் தெரிந்தது, அவனுக்குக் கடை வைக்கத் தெரிந்தது.

அன்றைக்குச் சண்டை முற்றிய நேரத்தில் மஞ்சள் புடவையோடு ஓர் அம்மாள் நடுவில் வந்து நின்றாள். பள்ளிப்பட்டு வள்ளிநாயகி. "ஏம்பா, எவனோ தூக்கின காவடிய நான் தூக்கினா என் வேண்டுதல் சாமிக்குப் போய்ச் சேருமா?"

இரண்டு கடைக்கும் பொதுவாகத்தான் கேட்டாள். ஆறுமுகம் வாயே திறக்கவில்லை. குமரேசனால் சும்மா இருக்க முடியுமா? கோபத்தை அப்படியே இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினார்.

"காவடி வெறும் மரம்மா. வேண்டுதல் ஒங்க நெஞ்சுல கீது. மஞ்சத் தண்ணியில கழுவி, புதுத் துணி சுத்தி, ஒங்க கையாலயே பூ கட்டச் சொல்றேன். அப்ப அது யாரு காவடி?"

வள்ளிநாயகியின் முகம் தெளிந்தது. "என்னுதுதான்."

"அவ்ளோதாம்மா."

அவர் காவடியை எடுத்துக் கொடுத்தார். தோளில் வைத்ததுமே அவள் சாய்ந்தாள். "ஐயோ, புடிப்பா! இத்த வெச்சுக்கினு நான் எங்க ஏறுறது?"

"வேண்டுதல்னா கொஞ்சம் கனக்கணும்மா."

எதிர்ப்பக்கத்திலிருந்து குரல் வந்தது. "யக்கா, இது பெரம்பு. காத்தா இருக்கும். மேலயே நம்ம ஆளு நிக்கிறான், குடுத்துட்டு அப்படியே பஸ் ஏறிடலாம்."

அவள் குமரேசனின் கையைத் தொட்டு, "நல்லா புரியறாப்ல சொன்னே, நீ நல்லா இருக்கணும்" என்று வாழ்த்திவிட்டுத் தெருவைக் கடந்தாள்.

சுஜாதா உள்ளேயிருந்து எல்லாவற்றையும் பார்த்தாள். "நாமளும் பெரம்புல செஞ்சிடலாங்க. மேல ஒரு ஆளப் போட்டுக்கலாம். கட நிக்கும்."

"அவனப் பாத்து நான் செய்யறதா? நானா?"

"அவன் ஒங்களப் பாத்துதானே செஞ்சான்? அவனுக்கு என்னா கொறஞ்சு போச்சு?"

குமரேசன் வாயில் அப்போது மிச்சமிருந்தது 'நான்தான் முதல்' என்ற ஒன்றுதான். அதையும் விட்டுக்கொடுத்தால் வெறும் கடைக்காரர் ஆகிவிடுவாராம். ஆகியிருக்கலாம், கடையாவது இருந்திருக்கும்.

ஆடிக் கிருத்திகைக்கு ஊரே மஞ்சளாக நிரம்பியது. குமரேசன் கடை வாசலில் கூட்டத்துக்குக் குறைவில்லை. சந்தேகம் கேட்க இங்கே, காவடி எடுக்க அங்கே. திருவிழா முடிந்த வாரமே கடையைக் காலி செய்தார். அந்த மரக் காவடிகளை ஆறுமுகமே வாங்கி வாசலில் அலங்காரமாக நிறுத்திக்கொண்டான். பார்க்கிறவர்களுக்குப் பழைய கடை என்று ஒரு நம்பிக்கை வருமாம்.

தை மாதம் குமரேசனின் மகள் பானுப்ரியாவை ஆறுமுகத்தின் மகன் ஆகாஷுக்கே கட்டிக்கொடுத்தார்கள். முறைப்பையன், தொழில் இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்றாள் சுஜாதா. குமரேசன் தாரை வார்த்த கையைத் துடைத்துக்கொண்டு பந்திக்குக்கூட உட்காரவில்லை. இப்போது ஆறுமுகத்தின் கடையில் பானுப்ரியாதான் இருக்கிறாள். யாராவது தயங்கினால், "காவடி வெறும் மரம்மா" என்று அப்பா சொன்னதை அப்படியே ஒப்பிக்கிறாள். கையில் இருப்பது பிரம்பு என்று யாரும் அவளைத் திருத்தவில்லை. சுஜாதா அங்கேயே பூ கட்டுகிறாள்.

குமரேசன் கனகம்மாசத்திரத்துக்குப் போய்விட்டார். திருப்பதி ரோட்டில் இளநீர்க் கடைகள் வரிசையாக நிற்கிற இடத்தில், எல்லோரும் போட்டு முடித்த பிறகு, கடைசியாக ஒரு கடை போட்டிருக்கிறார். எதிரே டீக்கடை இல்லாத இடமாகப் பார்த்துத்தான் பிடித்தாராம்.