முப்பத்து மூன்றாம் பக்கம்

எண்பத்தெட்டில் சர்க்கரை ஆலைக்குக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது, சென்னைக்குப் போய் ஒரு வாரம் பயிற்சி எடுத்துவந்த ஒரே குமாஸ்தா தாண்டவராயன்தான். வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்ட கதையாக, அதன் இங்கிலீஷ் கையேட்டைத் தமிழில் எழுதும் வேலையும் அவர் தலையில் விழுந்தது. நான்கு மாதம் எழுதினார். முடித்தபோது முதுகும் கண்ணும் அவருடையதாக இல்லை.

இங்கிலீஷ் புத்தகத்தில், அப்படியே தட்டவேண்டியது தடித்த எழுத்தில் இருக்கும். அவரவர் மாற்றிப் போடவேண்டியது சாய்ந்த எழுத்தில் இருக்கும். திண்டிவனத்தில் அச்சகம் வைத்திருந்த அந்தோணிசாமியிடம் தடித்த எழுத்து மட்டும்தான் இருந்தது.

"தமிழ்ல ஏதுங்க சார் சாய்ஞ்ச எழுத்து? நானா புடிச்சித் தள்ளிவுட முடியும்? கீழ கோடு போட்டுக் குடுக்கறேன்."

சரி, கோடு. கோடு போட்ட இடத்தில் உங்களுக்கு வேண்டியதைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று விளக்கித் தனியாக ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். அதோடு சேர்த்து முப்பத்து மூன்று பக்கம் ஆகிவிட்டது.

"ஒரு ஃபாரத்துக்குப் பதினாறு பக்கம், முப்பத்திரண்டோட ரெண்டு ஃபாரம் முடிஞ்சிபோச்சு சார். ஒத்தைப் பக்கத்துக்கு இன்னொரு ஃபாரம் ஏத்தணும்னா ரெண்டு நாளாவும். அட்டையும் அச்சடிச்சாச்சு. ஏதாவது ஒண்ண எடுத்துடுங்க."

மேலாளரின் வாழ்த்துரையை எடுக்க முடியாது; அதில் அவர் படம் இருந்தது. விழுப்புரத்திலிருந்து அந்த வாரத்தில் மூன்றாவது தடவையாக பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தார் தாண்டவராயன். திரும்பிப் போகும் பஸ் கிளம்ப ஐந்து நிமிடம்தான் இருந்தது. விளக்கப் பக்கத்தின் புரூஃபை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இது வேணாம். படிக்கிறவங்களுக்குத் தெரியாதா என்ன?"

தெரியவில்லை.

அம்சா தினக்கூலிக்கு வந்த தட்டச்சுப் பெண். அவள் வீட்டில் வயலுக்குப் போகாமல் வேலைக்குப் போன முதல் ஆள். கரும்பு வெட்டு முடிந்த வளவனூர் கிராமத்தின் பட்டியலை நீக்கச் சொன்னார்கள். கையேட்டைப் பிரித்தாள். டெலிட் என்று தடித்த எழுத்தில் இருந்தது. பக்கத்தில் கோடு போட்டு 14. ஊருக்கு ஓர் எண் உண்டு; அது கெடார் கிராமத்தின் எண். தாண்டவராயன் உதாரணத்துக்கு எழுதியது. அம்சா வளவனூரின் எண்ணைப் போடாமல் அந்தப் பதினான்கையே தட்டினாள். கெடாரில் இருநூறு பேருக்கு எந்தத் தேதியில் கரும்பு வெட்டுவது என்ற பட்டியல் அத்தோடு போயிற்று. கம்ப்யூட்டர்தான் வந்துவிட்டதே என்று பழைய பதிவேட்டை எழுதுவதையும் நிறுத்தியிருந்தார்கள்.

கரும்பு அதிகாரி சீனுவாசன் அம்சாவையும் தாண்டவராயனையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"புக்கைப் படிக்கத் தெரியாதவளுக்கு மிஷினு எதுக்கும்மா? நாளையிலேருந்து வராத."

அம்சா அழவில்லை. கையேட்டைத் திறந்து நீட்டினாள்.

"படிச்சிக்கினுதான் சார் பண்ணேன். கீழ கோடு போட்டிருந்தா முக்கியம்னுதான சார் அர்த்தம்? பரீட்சையில நாங்க அப்பிடித்தான் போடுவோம். அதப் போயி மாத்தலாமா?"

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். தாண்டவராயனுக்கு ஓய்வுபெற மூன்று வருடம் இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. ஆனால் மறைத்து வைத்துக் காலம் தள்ளவும் தெம்பு வேண்டும். அது அவரிடம் மிச்சமில்லை. கைப்பைக்குள் தேடி, மடிப்பு விழுந்த புரூஃபை எடுத்து மேசையில் வைத்தார்.

"தப்பு அந்தப் பொண்ணு மேல இல்லீங்க. கோட்டுக்கு அர்த்தம் சொல்ற பக்கம் இது. நான்தான் எடுக்கச் சொன்னேன்."

"ஏன்யா?"

"பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சுங்க."

சீனுவாசன் அம்சாவை அவள் இடத்துக்குப் போய் வேலையைப் பார்க்கச் சொன்னார். தாண்டவராயனை, எழுத்தில் விளக்கம் கொடுத்துவிட்டுக் கெடாருக்குப் போய் வீடு வீடாகப் பட்டியல் எடுக்கச் சொன்னார்.

வெளியே வந்ததும் அம்சா தாண்டவராயனிடம் அந்தத் தாளைக் கேட்டு வாங்கினாள். நின்ற இடத்திலேயே படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"நாலே வரியில எவ்ளோ தெளிவா எழுதியிருக்கீங்க சார்" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார்.